சிவப்புக் கோடு போட்ட தம்ளர்கள்

நான் ஊசி போட்டால் வலிக்காது என்று எங்கள் ஆலையில் எல்லோரும் சொல்வார்கள். அது கைராசி இல்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவியதும் குத்திவிடக் கூடாது. அது காய்கிற வரை ஏதாவது பேச்சுக் கொடுக்க வேண்டும். பெரிய பெண்ணுக்கு ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டால் ஆள் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வார். அதற்குள் வேலை முடிந்துவிடும். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் வேலை பார்த்தேன். யார் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், யாருக்கு மாமியாரோடு மனஸ்தாபம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் விஷயத்திலும் அதுதான் எனக்கு உதவியது.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள் சார், ஆறிவிடும். உங்களோடு வந்தவர் எழுதுவதற்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஜெயசீலி. பெருங்களத்தூருக்கு முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருக்கும் ரப்பர் ஆலையில் 1978-இல் நர்ஸாகச் சேர்ந்தேன். மருத்துவ அறை என்றால் ஒரு கட்டில், ஒரு எடை மிஷின், ஒரு பச்சை பீரோ. டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் பதினொரு மணிக்கு வந்து பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவார். மற்ற நேரமெல்லாம் அந்த அறை என்னுடையது. ஜன்னலைத் திறந்தால் எதிரே பாய்லர் ரூம். ரப்பரை வேகவைக்க நீராவி வேண்டும். அதற்காக இரண்டு பாய்லர்கள் ஓய்வில்லாமல் ஓடும்.

என் கணவர் தாவீது அங்கே ஃபோர்மேனாக இருந்தார். 1979-இல் அவர் கையில் நீராவி பட்டுவிட்டது. பதினொரு நாள் நான்தான் கட்டு மாற்றினேன். மூன்றாம் நாளே புண் ஆறத் தொடங்கிவிட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மீதி எட்டு நாளும் இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஆண்டு கிழக்குத் தாம்பரத்தில் கல்யாணம். பிறகு சேலையூரில் இந்த வீடு. அவர் யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். கோயிலில் பாடும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவரின் குரலுக்கு வழிவிட்டுத்தான் பாடுவார். நான் செய்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவரை நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவார். அதற்கு முன் பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, அதன் மேல் போர்த்தியிருக்கும் பூச்சைப் பெயர்த்தெடுக்க வேண்டும். சூடு வெளியே போகாமலிருக்க பாய்லருக்கும் குழாய்களுக்கும் கல்நார் பூசியிருப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உங்களுக்குக் கூரைத் தகடு ஞாபகம் வரும். அங்கே அது மூட்டையில் மாவாக வரும். எங்கள் ஆட்கள் மாவு என்றே சொல்வார்கள். பழைய பூச்சைக் கடப்பாரையால் தட்டி, உதிர்ந்ததைக் கூடையில் அள்ளிவிட்டு, புது மாவைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் காலால் மிதிப்பார்கள். நாலு நாள் அந்த அறைக்குள் எதிரே நிற்பவர் தெரிய மாட்டார்.

பாய்லர் ரூமில் ஐந்து பேர். அவர்களில் அப்துல் ரசாக்கும் சின்னப்பனும் பழைய ஆட்கள், இணைபிரியாதவர்கள். அந்த நாலு நாளும் ரசாக் பாய் வெளியே வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். "இன்னா சிஸ்டர், மாப்பிள மாதிரி கீறனா?" என்று என் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். சின்னப்பன் பின்னாலேயே வந்து, "பாய்க்கு ரெண்டாவது நிக்காஹ் கேக்குது சிஸ்டரம்மா. பவுடர் பூசிக்கினு பொண்ணு பாக்க வந்துட்டாரு" என்பார். வேலை முடிகிற அன்று எல்லோருக்கும் அங்கேயே பிரியாணி.

ஆலை முகமூடிகள் வாங்கிக் கொடுத்திருந்தது. அந்தச் சூட்டில் யாரும் போட மாட்டார்கள், மூச்சு முட்டுகிறது என்பார்கள். தாவீது வற்புறுத்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கொடுத்ததாக ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்துப் போட்டார். பூச்சைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே தட்ட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நனைத்தால் காய இரண்டு நாள் கூடுதலாகும். பாய்லர் நின்றால் ஆலை நிற்கும். அதனால் உலர்ந்தபடியே தட்டச் சொல்லிவிட்டு, நனைத்ததாகக் கையெழுத்துப் போட்டார். முகமூடிகள் உறைகூடப் பிரிக்காமல் அவருடைய அலமாரியில் இருந்தன. ஒரு நல்ல மனிதர் செய்கிற சின்னத் தவறு இது, அவ்வளவுதான்.

ஆலையில் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை எக்ஸ்ரே உண்டு. 1986 மார்ச்சில் பாய்லர் ஆட்களுக்கு எடுத்தார்கள். படங்கள் லேபிலிருந்து வெள்ளிக்கிழமை எனக்கு வரும். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டைப் பார்த்து நான் ரெஜிஸ்டரில் ஆளுக்கு ஒரு வரி எழுதி வைப்பேன். டாக்டர் செவ்வாயன்று அந்த வரிக்கு நேரே கையெழுத்துப் போடுவார். படங்களை அவர் எடுத்துப் பார்த்து நான் பார்த்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை ரசாக் பாயின் சீட்டு மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் தழும்பு, கல்நார்த் தூசியால் வந்ததாக இருக்கலாம், என்ன வேலை செய்கிறார் என்று விசாரிக்கவும், தூசியிலிருந்து உடனே விலக்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

இரண்டு முறை படித்தேன். செவ்வாய்க்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாவீதின் பக்கத்தில் நின்றபோது எனக்குக் கணக்குத் தெளிவாகிவிட்டது. சீட்டு டாக்டர் மேஜைக்குப் போனால் அடுத்த கேள்வி முகமூடி. அதற்கடுத்த கேள்வி கையெழுத்து. ஆலை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள யாராவது ஒருவரைக் கைகாட்டும். அந்த ஒருவர் பாட்டுப் புத்தகத்தை நானும் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ரசாக் பாயின் வரியில் ‘ஃபிட்’ என்று எழுதினேன். செவ்வாயன்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். படத்தைப் பச்சை பீரோவில், பஞ்சுக் கட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

ஒரு சொல்தான் எழுதியிருந்தேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஆள் இருமிக்கொண்டிருந்தாரே.

உங்களுக்கு எந்த ஊர் சார்? அந்தப் பக்கமா. அப்படியானால் உங்களுக்கு இது புரிய வாய்ப்பில்லை. எங்களுக்கு சானடோரியம் என்பது ஒரு ரயில்வே ஸ்டேஷன், பக்கத்திலிருக்கும் காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர். மின்சார ரயில் அங்கே நிற்கும்போது ஜன்னலோரப் பெண்கள் முந்தானையை மூக்குக்கு இழுத்துக்கொள்வார்கள். அந்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள். அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு வீட்டில் ஓர் ஆள் ஒரு மாதம் இருமினால் அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். இருமல் கேட்டால் இங்கே எல்லோருக்கும் தோன்றுவது ஒரே நோய்தான். நான் புதிதாக எதையும் அவர்கள் மனதில் போடவில்லை.

ரசாக் பாயைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "படத்துல லேசா ஒரு நிழல் தெரியுது பாய்" என்றேன்.

அவர் முகம் இறங்கிவிட்டது. "டீபியா சிஸ்டர்?"

அந்த வார்த்தையை அவர்தான் சொன்னார். நான் சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"வூட்ல மூணு பொண்ணு கீது சிஸ்டர். பெரியவள பாக்க அடுத்த மாசம் வாணியம்பாடிலேர்ந்து வராங்க."

"யாருக்கும் தெரிய வேணாம். ரெஜிஸ்டர்ல ஃபிட்னுதான் போட்டிருக்கேன். மாத்திரை நானே தரேன். நீங்க எங்கயும் போய்க் காட்ட வேணாம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொள்ள வந்தார். பிறகு தொடக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, இரண்டடி பின்னால் போய்க் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஆலைக்கு வேண்டிய மருந்துப் பட்டியலை நான்தான் தயாரிப்பேன். காசநோய் மாத்திரைகளையும் அதில் சேர்த்துக்கொண்டேன். அவற்றில் ஒன்று சிறுநீரைச் சிவப்பாக்கும். மூன்றாம் நாள் ரசாக் பாய் சந்தோஷமாக வந்தார். "நோவு எறங்குது சிஸ்டர். செவப்பா போவுது." நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தொற்றுநோய் என்றால் தனித் தம்ளர் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ரசாக் பாய்க்கே சந்தேகம் வந்துவிடும். ஒருவருக்கு மட்டும் வைத்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதனால் பாய்லர் ரூம் தம்ளர்கள் ஐந்திலும் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு போடும்படி கேன்டீனில் சொன்னேன். சுத்தத்துக்காக என்றேன். கேன்டீனில் இருப்பவர்கள் விவரமானவர்கள். ஒரு வாரத்தில் பாய்லர் ரூம் மேஜையில் வேறு யாரும் உட்காரவில்லை. அந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையும் மாறிவிட்டது. யாருக்கோ இருக்கிறது, அது யார் என்று ஒவ்வொருவரும் மற்ற நால்வரையும் கவனிக்கத் தொடங்கினார்கள். அடுத்தவர் இருமினால் பேச்சு நின்றுவிடும். தனக்கு இருமல் வந்தால் வெளியே போய் இருமுவார்கள். யூனியன் கூட்டத்துக்கு ஐந்து பேரும் போவதை நிறுத்தினார்கள். அங்கேதான் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காருகிறார்களே. நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வசதியாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

1988-இல் சின்னப்பனின் சீட்டும் நீளமாக வந்தது. நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆவதுபோல அவருடைய விரல் நுனிகள் உருண்டு தடித்திருந்ததை நான் அதற்கு முன்பே நாடி பிடிக்கும்போது பார்த்திருந்தேன். அவரிடமும் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினேன். அவருக்கு ஒரே பெண், தனம். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டேர்ந்து வந்துருக்கும் சிஸ்டரம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "நோம்புல பாய் கஞ்சி எட்த்துகினு வருவாரு. ஒரே தூக்குல ரெண்டு பேரும் குடிப்போம். அதுலதான?"

"இருக்கலாம்" என்றேன்.

அடுத்த ரமலானில் ரசாக் பாய் வழக்கம்போலத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தார். சின்னப்பன் வாங்கிக்கொண்டார். பாய் நகர்ந்ததும் அதைச் சாம்பல் குழியில் கவிழ்த்தார். என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. மறந்துபோன கரண்டியை எடுக்கத் திரும்பி வந்த பாய்க்கும் தெரிந்தது. இருபது வருஷம் ஒரே பாய்லரில் வேலை செய்தவர்கள் அதற்குப் பிறகு ஷிஃப்ட் மாறும்போது அளவுமானியில் முள் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

ரசாக் பாய் 1990-இல் போய்விட்டார். மஞ்சள் காமாலை. அந்த மாத்திரைகள் சிலருக்கு ஈரலைத் தாக்கும். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் கொடுக்கிற மருந்துக்கு எந்த லேபில் போய்ப் பார்ப்பது? என் பங்கு இதில் எவ்வளவு என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் காமாலை யாருக்கு வேண்டுமானாலும் வரும். ஜனாஸா ஊர்வலம் போனபோது சின்னப்பன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கூட நடக்கவில்லை.

டாக்டர் சந்தேகப்படவே இல்லையா என்று கேட்கிறீர்கள். ஒரு முறை கேட்டார். "ஏன் ஜெயசீலி, பாய்லர் செக்ஷன்ல மட்டும் எல்லாரும் இருமுறாங்க? பேக்கிங்ல யாரும் இருமக் காணோமே?" பீடி சார் என்றேன். சின்னப்பன் பீடியைக் கையால் தொடாதவர். டாக்டருக்கு அது தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கையெழுத்துக்குப் போனார்.

நீங்கள் காட்டுகிற இந்தத் தாள் எனக்குத் தெரியும். 1986 ஏப்ரல் 7. முதுகுவலி காரணமாக தாவீதை ஸ்டோருக்கு மாற்றும்படி பரிந்துரை. எழுதியது நான், கையெழுத்து டாக்டருடையது. ரசாக் பாயின் சீட்டு வந்து மூன்று வாரத்தில் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சரியான கணக்குதான். அவருக்கு முதுகுவலி இருந்ததா என்றால், யாருக்குத்தான் இல்லை. அன்று அவருடைய யூனிஃபார்ம்களையும் ஆலையிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன். புது வேலைக்குப் புதுத் துணி என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் எது செய்தாலும் அவருடைய நல்லதற்குத்தான் என்று நினைப்பவர். இன்று காலைகூட செம்பாக்கம் ஏரிவரை நடந்துவிட்டு வந்தார். அறுபது வயதில் மூச்சு வாங்கவில்லை.

சின்னப்பனின் மனைவி கன்னியம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு என்ன நோய் என்று அப்போது வெளியில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மாத்திரை வாங்க அவளும் சில சமயம் வருவாள். ஒரு நாள் கேட்டாள். "அவரு துணி தோய்க்கசொல்ல தண்ணி பால் கணக்கா போவுதுக்கா. காஞ்ச துணிய ஒதறுனா எனக்கே தொண்டைய கமறுது. இன்னாக்கா அது?"

உதறாதே, நனைத்தபடியே அலசு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பாள். கன்னியம்மா எதற்கும் ஏன் என்று கேட்கிறவள். டி.பி. கிருமி வெயிலில் சாகும் என்பது அவளுக்கும் தெரியும். அதனால், "நல்லா உதறி வெயில்ல போடு கன்னியம்மா. கிருமி செத்துடும்" என்றேன். வீட்டுக்குப் போய் அப்படியே செய்தாள். நான் சொன்னதை அவள் எப்போதும் அப்படியே செய்வாள்.

ஒன்பது மாதம் மாத்திரை, கொஞ்ச நாள் இடைவெளி, பிறகு நோய் திரும்பிவிட்டது என்று மறுபடி மாத்திரை. இப்படியே ஆண்டுகள் போயின. சின்னப்பன் மெலிந்தார். பாய்லர் படியில் ஏறும்போது நடுவில் ஒரு முறை நிற்பார், பிறகு இரண்டு முறை. ஒவ்வோர் ஆண்டும் படம் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஃபிட்.

எல்லாம் சூரிய கிரகணத்தால் வந்தது. 1995 அக்டோபர், தீபாவளிக்கு மறுநாள். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, எக்ஸ்ரே படம் வழியாகப் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நம்பினார்கள். அதுவும் தவறுதான், கண்ணுக்குக் கெடுதல். நான் அன்று விடுப்பில் இருந்தேன். ஊரிலிருந்து வந்த தங்கை குடும்பத்தை வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போயிருந்தோம். மருத்துவ அறையைப் பெருக்கும் அம்மணி என்னுடைய பச்சை பீரோவைத் திறந்து, கேட்டவர்களுக்கெல்லாம் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நல்ல மனசு அவளுக்கு.

சின்னப்பன் மட்டும் தன் படமே வேண்டும் என்றாராம். "என் நெஞ்சு வழியா நானே பாக்கறேன். வேற எவன் நெஞ்சையும் நம்ப முடியாது" என்று சொல்லிச் சிரித்தாராம். எல்லோரும் முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். பேக்கிங் பெண்களின் படங்களில் நுரையீரல் கறுப்பாக இருந்ததால் சூரியன் கீற்றுப்போலத் தெரிந்திருக்கிறது. சின்னப்பனின் படத்தில் மேலே மட்டும் கறுப்பு. கீழ்ப்பாதியில் வெள்ளை வலை. அந்த இடத்தில் வெளிச்சம் அப்படியே வந்து கண்ணில் குத்தியிருக்கிறது. "என்து மட்டும் ஏன் கூசுது?" என்று பக்கத்தில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்திருக்கிறார். மற்ற பாய்லர் ஆட்களின் படங்களும் அதே மாதிரி கூசியிருக்கின்றன. பிறகு ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்த் தனத்திடம் கொடுத்துவிட்டார்.

தனம் அப்போது பி.காம். முடித்து, மேடவாக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். இரண்டு நாள் கழித்து இந்த வீட்டுக்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, இதுல டி.பி.ன்னு எங்கயுமே இல்ல."

"டாக்டருங்க நேரடியா எழுத மாட்டாங்கம்மா."

"ஆஸ்பெஸ்டாஸ்னு நேரடியா எழுதியிருக்காங்களே."

"அது லேப்காரங்க சந்தேகத்துல எழுதுனது. நம்ம டாக்டர் பாத்துட்டு இல்லன்னுட்டார்."

"அவர் எங்க எழுதியிருக்கார்?"

கெட்டிக்காரப் பெண். நான் ஊசி போட்டு வளர்த்த பெண். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவளுடைய தம்ளரில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றிவிட்டு, "கல்யாணம் தையிலதானே?" என்று கேட்டேன்.

"பத்தொன்பதாம் தேதி."

"வண்டலூர் மாப்பிள்ளைதானே? நல்ல குடும்பம்." பிறகு எடுத்துச் சொன்னேன். இந்தச் சீட்டை நீ எங்கே கொண்டுபோனாலும் முதலில் உன் அப்பாவைத்தான் படுக்க வைத்துச் சோதிப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வைப்பார்கள் என்று உனக்கே தெரியும். யாராவது ஒருவர் பார்ப்பார்கள். தூசியா கிருமியா என்று மாப்பிள்ளை வீட்டார் சீட்டை வாங்கிப் படிக்க மாட்டார்கள். ஏழு வருஷம் உன் அப்பா தனித் தம்ளரில் குடித்தது எதற்காக? உனக்காகத்தான். இன்னும் மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

 அவளுக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் சொன்னது ஒன்றும் பொய் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கடைசியில் படத்தை மேஜையில் வைத்தாள்.

"கல்யாணம் முடிஞ்சதும் திருப்பித் தருவீங்களா?"

"தரேன்மா."

அன்று மாலையே சோடா உப்புப் போட்ட வெந்நீரில் படத்தை ஊற வைத்தேன். மேலே இருக்கிற கறுப்பெல்லாம் வழுவழுவென்று கழன்று வந்துவிடும். நீல நிறத்தில் நல்ல கெட்டியான தாள் கிடைக்கும். வெட்டித் தைத்து ரேஷன் கார்டுக்கு உறை போட்டேன். அந்த அலமாரியில்தான் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் போய் பீரோவில் மீதமிருந்த பாய்லர் படங்களையும் அப்படியே செய்தேன்.

கல்யாணத்தில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். சின்னப்பன் சம்பந்தியிடம், "எங்க குடும்பத்துக்கே இவங்கதான் தெய்வம்" என்று என்னைக் காட்டினார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூன்று முறை மூச்சு விட்டார். மகள் படித்துப் பார்த்த சீட்டைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் என்ன சொல்லி மழுப்பினாளோ. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒன்று, கஞ்சியைக் கவிழ்த்த அன்று பாயைப் பார்த்த மாதிரி இருந்தது. என் பிரமையாக இருக்கலாம். ஆனி மாதம் இறந்துபோனார். கடைசி வாரம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். தூசி நோய் என்று எழுதியிருந்தால் கன்னியம்மாவுக்குப் பென்ஷன் வந்திருக்கும் என்கிறீர்கள். ரெஜிஸ்டரில் ஃபிட் என்று இருக்கிறவருக்கு யார் கொடுப்பார்கள்?

காரியம் முடிந்த மறுநாள் தனம் வந்து படத்தைக் கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன். அவள் அழவில்லை. என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே அந்தச் சீட்டை எழுத்து மாறாமல் டைப் அடித்து, தேதியும் லேப் எண்ணும் போட்டு வைத்திருந்தாள் என்பது உங்கள் கோப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. லேபில் நகல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தெரிந்து செய்தேனா என்று கேட்டீர்கள். தெரியும். 1986 மார்ச்சிலிருந்து தெரியும். அப்துல் ரசாக்குக்கு டி.பி. கிடையாது, சின்னப்பனுக்குக் கிடையாது, மற்ற மூவருக்கும் கிடையாது. அந்தப் பூச்சுதான் காரணம் என்று தெரிந்துதான் என் கணவரை வெளியே எடுத்தேன், மற்றவர்களை உள்ளேயே விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். இருந்தாலும் ஒன்று சொல்வேன். பத்து வருஷம் அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பாயின் பெரிய பெண்ணுக்கு வாணியம்பாடியிலேயே முடிந்தது. தனத்துக்கும் நல்ல இடம். நான் பார்த்துக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைத் தனத்திடம் காட்டும்போது அவள் அம்மா இங்கே வருவதைச் சொல்லாதீர்கள். ஆடியிலிருந்து கன்னியம்மாவுக்கும் இருமல். மகள் உங்களிடம் கொடுத்த மனுவை அவள் நம்பவில்லை. "கடேசிவரைக்கும் நீதானக்கா பாத்த" என்று என்னிடம்தான் வந்தாள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மகளுக்குச் சங்கடம் என்று அவளுக்குப் பயம். ஆலையிலிருந்து வரும்போது எடுத்துவந்த மாத்திரைகள் இருந்தன, கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தனத்தின் குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். தொற்றிவிடும், தூக்காதே என்று கன்னியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வண்டலூருக்குப் போனால் வாசலில் நின்றே பார்த்துவிட்டு வந்துவிடுகிறாளாம்.

ஐந்து மணிக்கு வருவாள். அதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டால் நல்லது சார். இன்னும் ஐந்து மாதத்து மாத்திரை பாக்கி இருக்கிறது. உங்களைப் பார்த்துப் பயந்து நடுவில் நிறுத்திவிட்டால் அப்புறம் அவளைக் காப்பாற்றுவது கஷ்டம்.